போன தடவை ஒண்ணுமில்லன்னாவளே! குடலில் ‘இடைவெளிப் புற்று’ வருவது எப்படி?

“ரெண்டு வருசத்துக்கு முன்னாலதானே தாயி குழாய் உட்டுப் பாத்தாவ? ஒண்ணுமில்லன்னு எழுதியும் குடுத்தாவ. பெறவு இது எங்கன இருந்து வந்துச்சு?”

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் தாய்மாமா 2023-ல் என்னிடம் கேட்ட கேள்வி இது. பெருங்குடலின் வலது பக்கம் கட்டி இருந்தது. அதில் சதை எடுத்துப் பார்த்த பயாப்சியில் புற்று என்று வந்துவிட்டது. மாமாவுக்குக் கோபம் கூட இல்லை, குழப்பம்தான். அத்தை எழுந்து போய் மஞ்சப்பையைத் துழாவி, 2021-ல் எடுத்த பழைய கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்தார். கடைசி வரியில் ‘நார்மல் ஸ்டடி’ என்று இருந்தது.

நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் எண்டோஸ்கோப்பி அறையில் நர்ஸாகப் பல வருடம் நின்றவள். குழாயைப் பிடித்தவர்கள் டாக்டர்கள். நோயாளியின் வயிற்றை அமுக்கிக்கொண்டு அதே திரையைப் பார்த்தவள் நான். அந்த அனுபவத்தில் மாமாவுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பெருங்குடல் சுமார் ஐந்தடி நீளம். வயிற்றுக்குள் ஒரு பந்தல் மாதிரி நிற்கிறது. வலது இடுப்புக்கு மேலே தொடங்கி, ஏறி, குறுக்கே போய், இடது பக்கம் இறங்கி, மலக்குடலில் முடிகிறது. கொலனோஸ்கோப்பிக் குழாய் இதில் தலைகீழாகப் போகும். ஆசனவாய் வழியாக நுழைந்து, இடது பக்கம் ஏறி, கடைசியாகத்தான் வலது பக்கம் போய்ச் சேரும். குழாயின் நுனியில் கேமராவும் விளக்கும் உண்டு. கூடவே கம்பி, கத்தரி நுழைக்க ஒரு சின்னத் துவாரமும் இருக்கும். உள்ளே போகும்போது வழியைப் பிடிப்பதிலேயே கவனம் போய்விடும். நிதானமாகச் சுவரைப் பார்ப்பது குழாயை வெளியே இழுத்துக்கொண்டு வரும்போதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குடலின் உள்சுவரில் சிலருக்கு மரு மாதிரிச் சதை முளைக்கும். அதற்கு பாலிப் என்று பெயர். சில பாலிப் காளான் மாதிரி காம்போடு நிற்கும். சிலது பாய் விரித்த மாதிரி தட்டையாகக் கிடக்கும். இவற்றில் அடினோமா என்று ஒரு வகை. பெருங்குடல் புற்றில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. அதற்காக எல்லா அடினோமாவும் புற்றாகிவிடாது, முக்கால்வாசி சும்மா கிடந்துவிடும். ஆகிறதற்கும் பொதுவாகப் பத்து வருடம் போல ஆகும். அந்தப் பத்து வருடத்தில் என்றைக்காவது ஒரு நாள் பார்த்து முழுசாக வெட்டி எடுத்துவிட்டால் அதிலிருந்து புற்று வர வழியில்லை. 1969-ல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரண்டு டாக்டர்கள், குழாய் வழியே ஒரு கம்பிச் சுருக்கை விட்டு, பாலிப்பைச் சுருக்குப் போட்டு எடுத்தார்கள். அதற்கு முன்னால் குடலில் உள்ளே தள்ளி இருக்கும் பாலிப்பை எடுக்க வயிற்றைத்தான் கிழிக்க வேண்டும்.

‘பத்து வருடத்துக்கு ஒரு தடவை’ என்ற கணக்கு இங்கிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் வயது வந்ததும் சோதனைக்கு வரச் சொல்கிறார்கள். 50 வயதில் இருந்ததை 2021-ல் 45 ஆக்கினார்கள். குடல் சுத்தமாக இருந்தால் அடுத்தது பத்து வருடம் கழித்து. நம் நாட்டில் பெருங்குடலுக்கு அப்படி ஊரோடு கூப்பிட்டுப் பார்க்கும் திட்டம் இல்லை. அரசாங்கத் திட்டத்தில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றுக்கும்தான் இடம். இங்கே கொலனோஸ்கோப்பிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ரத்தம் போகிறது, வயிறு சரியில்லை என்று வருகிறவர்கள். மாமாவும் அப்படித்தான், ரத்தம் போனது என்று 2021-ல் போனார். மூலம் இருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு கொலனோஸ்கோப்பியில் புற்று எதுவும் தெரியவில்லை, அடுத்ததற்குச் சொன்ன தேதி வருவதற்குள் புற்று வந்து நிற்கிறது என்றால் அதுதான் இடைவெளிப் புற்று. 2018-ல் உலக எண்டோஸ்கோப்பி அமைப்பு இதற்கு ஒரு பொதுப்பெயர் வைத்தது: கொலனோஸ்கோப்பிக்குப் பிந்திய பெருங்குடல் புற்று. அதற்குள் சில வகைகள் பிரித்தார்கள். சொன்ன தேதிக்கு முன்னால் வந்தால் இடைவெளி வகை, தேதியில் வந்தால் ஒரு வகை, தேதி தாண்டி வந்தால் இன்னொன்று. அடுத்த தேதி என்று ஒன்று சொல்லாமலே விட்டிருந்தால் அதற்கும் தனி வகை உண்டு. மாமாவின் ரிப்போர்ட்டில் எங்கே தேடியும் அடுத்த தேதி இல்லை. அவர் அந்தக் கடைசிப் பெட்டியில்தான் வருவார். சோதனை செய்து ஆறு மாதத்துக்குள் தெரிந்துவிட்டால் அந்தச் சோதனையிலேயே கண்டுபிடித்ததாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு வருவதுதான் இந்தக் கணக்கில் சேரும்.

எவ்வளவு பேருக்கு இப்படி ஆகிறது? இங்கிலாந்தில் 2005 முதல் 2013 வரைக்குமான கணக்கை எடுத்து, 2019-ல் வெளியிட்டார்கள். பெருங்குடல் புற்று என்று தெரிவதற்கு முன்னான மூன்று வருடத்துக்குள் கொலனோஸ்கோப்பி செய்திருந்தவர்களில் 100-க்கு 7 பேர் போல, முந்தின சோதனையில் புற்று இல்லை என்று அனுப்பப்பட்டவர்கள். 2005-ல் 9 சதவீதமாக இருந்தது 2013-ல் 6.5 ஆகக் குறைந்திருக்கிறது. எங்கே செய்தார்கள் என்பதைப் பொறுத்தும் வித்தியாசம் உண்டு. சோதனைத் திட்டத்தின் கீழ், தனியாகப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்த டாக்டர்கள் செய்த இடத்தில் 3.6 சதவீதம்தான்.

இதைப் படித்துவிட்டு ‘கொலனோஸ்கோப்பி செய்தால் 100-ல் 7 பேருக்குப் புற்று வருமாம்’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் போட்டுவிடக் கூடாது. அந்த 100 என்பது புற்று வந்தவர்கள். சோதனை செய்துகொண்ட எல்லோரையும் எடுத்தால் கணக்கே வேறு. அமெரிக்காவில் 2014-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட கொலனோஸ்கோப்பிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். இடைவெளிப் புற்று 712. ஆயிரத்துக்கு மூன்று கூட இல்லை. நம் வீட்டுக்குள் வருகிறவரைக்கும் அது சின்ன எண்தான்.

இனி, எங்கன இருந்து வந்துச்சு என்ற மாமாவின் கேள்விக்கு வருவோம்.

அவருக்கு நான் எங்கள் பக்கத்துப் பாசனக் கால்வாயான கன்னடியன் கால்வாயை வைத்துத்தான் சொன்னேன். அவர் அதில் தண்ணீர் வாங்கி, கார், பிசானம் என்று இரண்டு போகமும் நெல் பயிர் வைத்தவர். தண்ணீர் அடைத்து, தூர் வாரி, கால்வாய் காய்ந்து கிடக்கும்போது கரையோரம் நடந்து போனால் நண்டு வளை ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும். முழங்கால் தண்ணீரும் அமலைச்செடியும் கிடக்கும்போது அதே கரையில் நடந்துவிட்டு, “கரை நல்லாத்தான் இருக்கு” என்று சொன்னால் அந்தப் பேச்சுக்கு என்ன மதிப்பு? மாமா சிரித்தார். “அப்போ என் கால்வாயில தண்ணி கெடந்துச்சுன்னு சொல்லுத.”

ஆமாம், கிடந்தது. ரிப்போர்ட்டின் நடுவில், யாரும் படிக்காத ஒரு வரியில் அது எழுதியும் இருந்தது. குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதற்கு பாஸ்டன் ஸ்கோர் என்று ஒரு மதிப்பெண் உண்டு. குடலை வலது, நடு, இடது என்று மூன்று பங்காக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடுவார்கள். ஒவ்வொரு பங்கும் 2-க்குக் குறையாமல் இருந்தால்தான் பார்த்தது பார்த்ததாகும். மாமாவுக்கு இடது 2, நடு 2, வலது 1. வலது பக்கத்தில் ஒன்று என்றால் சுவரில் ஒரு பகுதிதான் தெரிந்தது, மீதி மலக்கழிவுக்கு அடியில் என்று அர்த்தம். அப்படி இருந்தால் ஒரு வருடத்துக்குள் திரும்பச் செய்யச் சொல்வதுதான் முறை. அந்த இடத்தில் சொல்லவில்லை. மாமாவும் கேட்கவில்லை. ‘நார்மல்’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் எல்லோரும் நிம்மதியாகப் பஸ் ஏறிவிட்டார்கள்.

அன்றைக்கு முந்தின ராத்திரி என்ன நடந்தது என்று விசாரித்தேன். அத்தைதான் போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் முருங்கைக்கீரைச் சோறு, அதற்கு மேல் கொய்யாப்பழம். இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொன்ன பேதிப் பவுடரில் மாமா ஒரு லிட்டரோடு நிறுத்திவிட்டார். “உப்புக் கரிக்கி, கொமட்டுது, அதான் நாலு தடவ போயாச்சே” என்று மிச்சத்தை வாஷ்பேசினில் ஊற்றியிருக்கிறார்.

இந்த விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதில் பாதி நம் கையில் இருக்கிறது. கொய்யா விதையும் தக்காளி விதையும் கேமரா அறையில் எங்களுக்குப் பரம எதிரி. குடலில் மிச்சமிருக்கும் தண்ணீரை டாக்டர் உறிஞ்சி எடுக்கும் துவாரம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். நாலு கொய்யா விதை போனால் அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி, ஊசியில் தண்ணீர் ஏற்றி, அடைப்பைத் தள்ளி, திரும்ப மாட்டுவதற்குள் மயக்க மருந்தின் நேரம் போய்விடும். கீரை நார் சுவரில் பச்சையாக ஒட்டிக் கிடக்கும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் மோசம், மலம் தார் மாதிரி கறுத்து ஒட்டும். அந்த மாத்திரையை ஒரு வாரம் முன்னாலேயே டாக்டரிடம் கேட்டு நிறுத்த வேண்டும். சிவப்பு நிறச் சர்பத், ஜூஸ் எல்லாம் உள்ளே ரத்தம் மாதிரித் தெரியும், அதுவும் வேண்டாம். இளநீர், பால் ஊற்றாத தேத்தண்ணி குடிக்கலாம்.

“நாரில்லாத சாப்பாடுதானே சிஸ்டர் சொன்னீய, அல்வாவுல ஏது நாரு?” என்று என்னிடம் ஒரு அண்ணாச்சி வாதாடினார். கோதுமைப் பாலில் கிண்டுவதுதான், சக்கையெல்லாம் போய்விடும், அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அன்றைக்குக் காலையில் அவருக்குச் சர்க்கரை 280.

பவுடரைப் பாதி முந்தின சாயங்காலம், பாதி சோதனையன்று விடியற்காலை என்று பிரித்துக் குடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ராத்திரியே முழுவதும் குடித்துவிட்டுப் படுத்தால், விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து பித்தமும் சளியும் கலந்த நீர் வந்து பெருங்குடலின் தொடக்கத்தில் திரும்பத் தேங்கிவிடும். அந்தத் தொடக்கம்தான் வலது பக்கம். காலையில் குடிக்கும் பாதி அதைக் கழுவுவதற்காக. எப்போது நிறுத்தலாம் என்று கேட்டால் நாங்கள் சொல்லும் அடையாளம் ஒன்றுதான்: கக்கூஸில் போவது மூத்திரம் மாதிரி மஞ்சளாக, தெளிவாக, கண்ணாடியாகப் போக வேண்டும். அதற்காக அதற்கு முன்பே தெளிந்துவிட்டது என்று காலைப் பங்கை விட்டுவிடவும் கூடாது. எத்தனை தடவை போனீர்கள் என்பது கணக்கே இல்லை. நாலு தடவை போனேன் என்று மாமா சொன்னது, நாலு தடவை மடையைத் திறந்தேன் என்று சொல்வது மாதிரி. கால்வாய் வற்றியதா என்பதுதான் கேள்வி.

குடல் பளிச்சென்று இருந்தாலும் தவறிப்போவது உண்டு. பெருங்குடல் வழவழப்பான குழாய் கிடையாது. மடிப்பு மடிப்பாக, கொசுவம் வைத்த சேலை மாதிரி இருக்கும். கேமரா முன்பக்கம் பார்க்கிறது, பாலிப் மடிப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. ஒரே நாளில் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை கொலனோஸ்கோப்பி செய்து ஒப்பிட்ட ஆய்வுகள் இருக்கின்றன. முதல் தடவையில் அடினோமாக்களில் கால்வாசி போலத் தவறுகிறது, அதில் பெரும்பாலும் பொடிசுகள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ள பெரியவை தவறுவது அதைவிட நிறையக் குறைவு.

இதற்கு மேல் சில பாலிப் ஒளிந்துகொள்ளவும் செய்யும். ஜப்பான் டாக்டர்கள் 1980-களிலேயே தட்டையான, குழிந்த வகைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மற்ற நாடுகள் வெகுநாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் ரம்பப்பல் வகை என்று ஒன்று. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். குடலின் நிறத்திலேயே வெளிறி, தட்டையாக, விளிம்பு தெரியாமல் இருக்கும். மேலே மஞ்சளாக ஒரு சளிப் படலம் போர்த்திக்கொண்டிருக்கும். ஆற்றுப் படித்துறையில் பாசி பிடித்த கல்லை நினைத்துக்கொள்ளுங்கள், கால் வைத்தால்தான் தெரியும். எங்கள் டாக்டர் ஒருவர், சளி ஒட்டியிருக்கும் இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவாமல் ஒரு அடி நகரமாட்டார். அவருடைய லிஸ்ட் என்றால் மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான், எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். இந்த ரம்பப்பல் வகை அதிகமாக இருப்பதும் வலது பக்கத்தில்தான். கடைசியாகப் போய்ச் சேரும் இடம், கழிவு தேங்கும் இடம், தட்டைப் பாலிப் ஒளியும் இடம் மூன்றும் ஒன்றாக இருப்பதால், இடைவெளிப் புற்று வலது பக்கத்தில் கூடுதலாக வருவதில் ஆச்சரியம் இல்லை.

பார்க்கிறவரைப் பொறுத்தும் இருக்கிறதா என்றால், இருக்கிறது. இதை நர்ஸ் சொன்னால் வம்பு. ஆனால் டாக்டர்களே அளந்து எழுதியிருக்கிறார்கள். 2006-ல் அமெரிக்காவில் 12 டாக்டர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. குழாயை வெளியே இழுத்துவர ஆறு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் 28.3 சதவீதம் பேரிடம் பாலிப்புக் கட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் இழுத்துவிட்டவர்கள் 11.8 சதவீதம் பேரிடம்தான். இப்போது எட்டு நிமிடமாவது வேண்டும் என்கிறார்கள். நான் மேலே சொன்ன 2014 ஆய்விலும் முக்கியமான செய்தி இதுதான். ஒரு டாக்டர் சோதிக்கும் 100 பேரில் எத்தனை பேரிடம் அடினோமா கண்டுபிடிக்கிறார் என்று ஒரு கணக்கு உண்டு. சிலருக்கு அது 7, சிலருக்கு 52. அந்த எண் ஒன்று கூடினால் அவரிடம் பார்த்தவர்களுக்கு இடைவெளிப் புற்று வரும் வாய்ப்பு 3 சதவீதம் குறைகிறது. அவசரக் கையும் நிதானக் கையும் எண்ணாகவே தெரிந்துவிட்டது.

அடுத்து, பார்த்தாயிற்று, வெட்டியும் ஆயிற்று, ஆனால் வேரில் கொஞ்சம் தங்கிவிட்டது. வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேலே அறுத்தால் வயல் சுத்தமாகத் தெரியும், கிழங்கு உள்ளே இருந்தால் அடுத்த தண்ணீருக்கு முளைத்து நிற்கும். (பத்தமடையில் பாய் நெய்கிற கோரை வேறு ஜாதி, அது வந்தால் சந்தோஷம்.) 2013-ல் வந்த ஒரு ஆய்வில், அரை சென்டிமீட்டர் முதல் இரண்டு சென்டிமீட்டர் வரையுள்ள பாலிப்பை முழுதாக எடுத்துவிட்டோம் என்று டாக்டர் நினைத்த பிறகு, சுற்றிய விளிம்பிலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்றில் மிச்சம் இருந்தது. ரம்பப்பல் வகையில் அது மூன்றில் ஒன்றை நெருங்கியது. அதனால்தான் பெரிய பாலிப்பைத் துண்டு துண்டாக எடுத்தவர்களை ஆறு மாதத்தில் திரும்ப வரச் சொல்கிறார்கள். “எடுத்தாச்சே, இன்னொரு தடவை ஏன், காசுக்கா?” என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். காசுக்கு இல்லை.

கடைசியாக, யாரும் தவறு செய்யாமலே வருவது. சிலருடைய உடம்பில் பாலிப் பத்து வருடம் காத்திருப்பதில்லை. உயிரணு பிரியும்போது மரபணுவில் எழுத்துப்பிழை விழும், அதைத் திருத்த உடம்புக்குள் ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தத் திருத்தும் வேலையே பழுதாகிப் பிறப்பவர்கள் உண்டு. லிஞ்ச் சின்ட்ரோம் என்று அதற்குப் பெயர், அமெரிக்க டாக்டர் ஹென்றி லிஞ்ச் பெயரில். இவர்களுக்குப் பாலிப் இரண்டு மூன்று வருடத்திலேயே புற்றாகிவிடலாம். அதனால் பத்து வருடக் கணக்கு இவர்களுக்குச் செல்லாது, ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இது நம் வீட்டில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பழைய கதையைக் கிளற வேண்டியதுதான். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. லிஞ்ச் உள்ள குடும்பத்துப் பெண்களுக்குக் கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்று வருவது அதிகம். ‘எங்க வீட்ல யாருக்கும் குடல் புற்று இல்ல சிஸ்டர்’ என்பார்கள். கூட வந்த கிழவி ஓரத்தில் உட்கார்ந்து, “இவங்க அத்தக்காரி ஒருத்தி நாப்பத்தஞ்சு வயசுல ஓயாம உதிரம் போயி, கர்ப்பப்பையில கட்டின்னு செத்தாளே” என்பாள். அந்த வார்த்தை டாக்டர் காதுக்குப் போக வேண்டும். எடுத்த கட்டியின் திசுவிலேயே இதற்கான சோதனையைப் பண்ணிப் பார்க்க முடியும்.

2014-ல் எட்டு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, 58 இடைவெளிப் புற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். பாதிக்குச் சற்று மேல் கண்ணுக்குத் தப்பியவை. 19 சதவீதம் வேர் தங்கியவை. 24 சதவீதம் புதிதாக, வேகமாக முளைத்தவை. ஆக, நாலில் ஒன்றுக்கு யாரையும் கேள்வி கேட்க முடியாது, மிச்சத்துக்கு முடியும்.

மாமா விஷயத்தில் எனக்கு அதிகம் உறுத்துவது 2021 ரிப்போர்ட்டை விட, அதற்குப் பிறகான ஒன்றரை வருடம்தான். 2022 பாதியிலேயே அவருக்குக் கிறக்கம் வர ஆரம்பித்துவிட்டது. ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டுப் படியேறினால் மூச்சு வாங்கும். வயசாயிட்டு என்றார்கள். ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே. இரும்பு மாத்திரை கொடுத்தார்கள், கொஞ்சம் ஏறும், திரும்ப இறங்கும். இடையில் ரத்தமும் லேசாகத் தெரிந்தது. “மூலந்தான், சூடு” என்று துத்திக்கீரை வதக்கிச் சாப்பிட்டார், கருணைக்கிழங்கு மசியல் சாப்பிட்டார். சாப்பிடட்டும், அதில் கெடுதல் இல்லை. ஆனால் யார் கேட்டாலும் சொன்ன பதில் ஒன்றே: “கொடலத்தான் பாத்தாச்சே, நார்மலு.” பழைய ரிப்போர்ட் புதிய அறிகுறியின் வாயை அடைத்துவிட்டது.

வலது பக்கப் புற்றின் குணமே இதுதான். அங்கே குடல் அகலம், மலம் இளகிய நிலையில் இருக்கும், அதனால் சீக்கிரத்தில் அடைக்காது, வலிக்காது. சொட்டுச் சொட்டாக ரத்தம் கசிந்து மலத்தோடு கலந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. தெரிவது பெரும்பாலும் ரத்தசோகை மட்டும். இடது பக்கம் என்றால் ரத்தம் தனியாகத் தெரியும், மலம் போகும் வழக்கம் மாறும், ஆளுக்குச் சந்தேகம் வரும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் எந்த வயது ஆணுக்கும் காரணம் தெரியாமல் இரும்புச்சத்து குறைந்தால், போன தடவை குடல் நார்மல் என்றிருந்தாலும் திரும்ப யோசிக்க வேண்டும். எடை குறைவது, ரத்தம் நிற்காமல் இருப்பது, வழக்கம் மாறி வாரக்கணக்கில் அப்படியே இருப்பது எல்லாம் இந்தக் கணக்குதான். பத்து வருட இடைவெளி என்பது ஒன்றும் இல்லாமல் நன்றாக இருப்பவர்களுக்கு. அறிகுறி வந்தவருக்கு அந்தத் தேதி பொருந்தாது.

உங்கள் வீட்டிலும் ஒரு மஞ்சப்பை இருந்தால், ரிப்போர்ட்டை எடுத்து நடுவில் இருக்கும் வரிகளைப் படியுங்கள். குழாய் பெருங்குடலின் தொடக்கம் வரை போனதா என்று இருக்கும். போனதற்குச் சாட்சி குடல்வால் தொடங்கும் சின்னக் குழியின் படமும், சிறுகுடல் வந்து சேரும் வாசலின் படமும். சுத்தம் எப்படி என்று மதிப்பெண்ணோ, ‘ஃபேர்’ (சுமார்), ‘புவர்’ (மோசம்) என்ற வார்த்தையோ இருக்கும். பாலிப் எடுத்திருந்தால் பயாப்சி ரிப்போர்ட் தனியாக ஒரு வாரம் கழித்து வந்திருக்கும். அதை வாங்காமலே விட்டவர்கள் எத்தனையோ பேர், எங்கள் மேஜை டிராயரில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேல், அடுத்தது எப்போது என்ற தேதி. எழுதவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டு, அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். கோபப்பட மாட்டார்கள். பட்டாலும் பரவாயில்லை.

மாமாவுக்கு ஆபரேஷன் செய்து வலது பக்கக் குடலை எடுத்தார்கள். நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவியிருக்கவில்லை. ஒரு வருடம் கழித்து மிச்சக் குடலைத் திரும்பக் கொலனோஸ்கோப்பியில் பார்க்க வேண்டும் என்பது முறை. இந்தத் தடவை பவுடரை நானே வாங்கிக் கொடுத்தேன். மூன்று நாளைக்குக் கீரை, பழம், தக்காளிச் சட்னி எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அத்தையிடம் சொல்லிவைத்தேன். முதல் லிட்டர் சாயங்காலம், அடுத்த லிட்டர் விடியற்காலை மூன்று மணிக்கு.

நாலரை மணிக்குப் போன் அடித்தது.

“தாயி, முழிச்சிருக்கியா? இப்போ மூத்திரம் மாதிரியேதான் போவுது. எது எதுன்னே தெரியல.”

“லைட்டப் போட்டுப் பாத்தீயளா மாமா?”

“ஒங்க அத்தையையும் கூப்ட்டுக் காட்டிட்டேன். அவளும் சரிங்கா.”